தண்ணீர் இலையில் ஆறு புள்ளிகள்

இந்தக் கடிதத்தில் சோப்பு வாசனை அடிக்கும். அடிக்கட்டும். நம் சோதனைச் சாலையின் கைகழுவும் தொட்டியருகே மண் தட்டில் கிடக்குமே, ஆஸ்பத்திரி வாசனையோடு, அந்தச் சிவப்பு சோப்பு, அதையே போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். காகிதத்தைப் பிடித்திருக்கும் விரலிலும் அதே வாசனைதான். நீ இருந்த காலத்தில் ஒரு நாள்கூட நான் அதைத் தொட்டதில்லை. அது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியும் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

இறந்தவர்களுக்கு எழுதுகிறவர்கள் அன்பிலிருந்து ஆரம்பிப்பார்கள். எனக்கு அது வராது. உன்மேல் எனக்குப் பொறாமை. அன்றைக்கும் பொறாமை, ஆவடியில் நீ காய்ச்சலில் போய்விட்டாய் என்று கேட்ட அன்றைக்கும் பொறாமை, இதோ இப்போது கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதும் அதேதான். போனவன்மேல் என்ன பொறாமை என்று கேட்பாய். கேள். முழுக்கச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணம் பாதி காலியானதே, அந்த வெயிலில்தான் சோதனைச் சாலையும் மாட்டு வண்டிகளில் கண்ணாடிச் சாமான்களை வைக்கோல் சுற்றி ஏற்றிக்கொண்டு நம் பக்கம் வந்து சேர்ந்தது. பூந்தமல்லி ரஸ்தாவில் மாந்தோப்புக்குள் இருந்த பழைய பங்களா. ஆபீசர் தஞ்சாவூர் பக்கத்துக்காரர், கோபமே வராத மனிதர். எழுதப் படிக்கத் தெரிந்த உள்ளூர் ஆட்கள் இரண்டு பேர் வேண்டும் என்றார். நான் போனேன். பத்தாவது வரை படித்தவன், காட்டுப்பாக்கத்தில் ஏரிப் பாசன நிலமுள்ள வீட்டுப் பிள்ளை. எனக்கு வேலை கிடைக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உள்ளே போனால் பெஞ்சில் நீ உட்கார்ந்திருக்கிறாய். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது படித்தவன். எங்கள் நிலத்தில் உழுகிறவரின் மகன். 'உழுகிறவன்' என்றுதான் அப்போது சொல்வேன். இப்போது 'உழுகிறவர்' என்று எழுதிப் பார்க்கிறேன். பேனா கொஞ்சம் தடுக்குகிறது, ஆனாலும் எழுதிவிட்டது.

என்னைப் பார்த்ததும் நீ துள்ளி எழுந்து, "ஆண்டே" என்றாய். உன் அப்பா என் அப்பாவைக் கூப்பிடுவது போலவே. ஆபீசர் நிமிர்ந்து பார்த்தார். இங்கே யாரும் யாருக்கும் ஆண்டை இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றார். என் பெயர் உன் வாயில் வரவில்லை. இரண்டு நாள் எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே சமாளித்தாய். மூன்றாம் நாள் "அண்ணாத்தே, அந்தப் புட்டிய இப்டித் தள்ளு" என்றாய். எனக்குக் காது சுட்டது. புட்டியைத் தள்ளினேன். அன்று வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கவில்லை.

வேலை என்ன என்று எங்கள் வீட்டில் கேட்டபோது புகையிலைச் செடிக்கு வைத்தியம் என்று சொல்லிவைத்தேன். உண்மையில் வைத்தியமே இல்லை. தேமல் விழுந்த புகையிலையைப் பறித்து, இடித்து, சாறு பிழிந்து, வடிகட்டி வடிகட்டி, கடைசியில் ஒரு சோதனைக் குழாயில் அரைக்கால் அளவு கலங்கல் திரவம் நிற்கும். அதற்குள்தான் வைரஸ் இருக்கிறது என்பார் ஆபீசர். பூதக்கண்ணாடிக்கும் தெரியாதது. எந்தத் திரவத்தில் போட்டால் அது தாங்கும், எதில் போட்டால் உடையும், உடைந்தால் என்ன ஆகும், இதுதான் அவருடைய கேள்வி. அதற்காக ஒரு அலமாரி நிறையப் புட்டிகள். ஸ்பிரிட், அசிட்டோன், ஈதர், குளோரோபாரம், திறந்தால் கருவாட்டுக் கூடையைக் கவிழ்த்தாற் போல நாறும் பிரிடின், வெள்ளைச் சர்க்கரை மாதிரி யூரியா.

கண்ணுக்குத் தெரியாதது செத்ததா பிழைத்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஊமத்தை இலையில் தேய்த்துப் பார்க்க வேண்டும். ஏரிக்கரையில் தானாக முளைத்துக் கிடக்கிற அதே ஊமத்தைதான். விரலைத் திரவத்தில் தொட்டு இலைமேல் மெல்லத் தேய்த்துவிட்டால், உயிர் இருந்தால் நாலாம் நாள் சின்னச் சின்னக் கருகல் புள்ளிகள் விழும். உயிர் இல்லையென்றால் இலை சுத்தமாக இருக்கும். புள்ளியை எண்ணி நோட்டில் எழுதிவிட்டு இலையைப் பறித்து எரித்துவிடுவது வழக்கம். ஒவ்வொரு தடவையும் ஒரு செடியில் வெறும் தண்ணீரைத் தேய்த்து வைப்போம். அதற்குத் தண்ணீர் இலை என்று பெயர். தண்ணீர் இலையில் ஒரு புள்ளிகூட வரக்கூடாது. வந்தால் தேய்த்தவன் கையே அழுக்கு என்று அர்த்தம், அந்தத் தடவை செய்தது அத்தனையும் குப்பை.

அதற்காகத்தான் அந்தத் தொட்டி. ஆபீசர் முதல் நாளே சொல்லிவிட்டார். ஒரே தொட்டி, ஒரே சோப்பு, அவர் உட்பட எல்லோரும் அதில்தான் கழுவ வேண்டும். புகையிலை போடுகிறவர்கள் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், காய்ந்து அரைத்துப் பொடியாகி மட்டையில் கிடந்தாலும் புகையிலைக்குள் அது சாகாமல் இருக்கும், செடி காட்டிக்கொடுத்துவிடும் என்றார். நான் தலையாட்டினேன். என் மடியில் அப்போது மூக்குப்பொடி மட்டை இருந்தது.

உன் கை பட்ட சோப்பு. அதை நான் தொடுவதா? நேராக மறுத்துப் பேசத் தைரியமில்லை. வீட்டிலிருந்து ஒரு பித்தளைச் சொம்பு கொண்டுவந்து பின்கட்டில் வைத்துக்கொண்டேன். உள்ளே போகும் முன் அதிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கையை நனைத்து வேட்டியில் துடைத்துக்கொள்வேன். ஆபீசர் பின்கட்டுப் பக்கம் வருவதில்லை. நீ வருவாய். பார்ப்பாய். ஒன்றும் சொல்லமாட்டாய். சுத்தத்துக்காகத்தான் தனிச் சொம்பு என்று நான் மனசார நம்பிக்கொண்டிருந்தேன், அதைச் சொல்லிவிட வேண்டும்.

உன் கையைப் பற்றியும் சொல்ல வேண்டும், சொல்லாமல் இருந்தால் இந்தக் கடிதமே பொய். நான் தேய்த்தால் இலை கிழியும், அல்லது கீறல் விழுந்து பழுத்துப்போகும். நீ தேய்த்தால் தொட்ட அடையாளமே இருக்காது. நாலாம் நாள் பார்த்தால் யாரோ அளந்து வைத்த மாதிரிப் புள்ளிகள். பட்டணத்திலிருந்து யாராவது பார்க்க வந்தால் ஆபீசர் உன் இலைகளைத்தான் காட்டுவார். நான் தட்டை ஏந்திக்கொண்டு பின்னாலேயே போவேன். ஏர் பிடிக்கிற வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கை எங்கிருந்து வந்தது என்று எனக்குள் குமைந்துகொண்டே போவேன்.

கையோடு நின்றாயா? கண்ணும் உனக்கே. சுத்தம் செய்த திரவத்தைக் குழாயில் வைத்து ஒரு சுழற்று சுழற்றினால் உள்ளே பட்டுச் சேலையை உதறினாற் போல ஒரு மினுமினுப்பு ஓடும். அதை முதலில் கண்டவன் நீ. எனக்கு இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை, தெரிகிறது என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். யூரியா போட்ட குழாயை ஒரு நாள் மத்தியானம் சன்னல் வெளிச்சத்தில் சுழற்றிக்கொண்டே நின்றாய். சாப்பிடக்கூடப் போகவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டாய்.

"அண்ணாத்தே, பட்டு பூட்ச்சு பாரு."

பார்த்தேன். வெறும் தண்ணீர் மாதிரித் தெளிந்து கிடந்தது.

"ஸ்பிரிட்டு போட்டா அது திரிஞ்சி அடியில பட்துக்குது. சாவல. தூங்கிகினு கீது. சுருக்கா எடுத்துத் தண்ணி காட்டுனா எழுந்துக்குது, புள்ளி வருது. இதுல அப்டி இல்ல. அவுந்து பூட்ச்சு. அவுந்தது திரும்ப எழுந்துக்காது."

இதைக் கண்டுபிடிக்க உனக்கு ஒரு புத்தகமும் வேண்டியிருக்கவில்லை. எனக்கு எப்படி எரிந்திருக்கும், நீயே சொல். யூரியா என்றால் மாட்டு மூத்திரத்தில் இருக்கிற உப்புதானே, அதற்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று இளக்காரமாகச் சொன்னேன். நீ சிரித்துக்கொண்டே, "ஆமா அண்ணாத்தே, நாங்க வந்துட்டுப் போனா உங்க ஊட்டுல தெளிக்கிறீங்களே, அதுல கீறதுதான்" என்றாய். குத்திச் சொன்னாயா, விளையாட்டாகச் சொன்னாயா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று நான் உன்னோடு பேசவில்லை.

நீ ஆபீசரிடம் சொன்னாய். அவர் நம்பாமல் மறுபடி செய்யச் சொன்னார். யூரியா போட்ட திரவத்தைக் கண்ணாடித் தாள் பையில் ஊற்றி ஓடும் தண்ணீரில் தொங்கவிட்டு, யூரியா எல்லாம் வெளியேறின பிறகு இலையில் தேய்த்தாய். சுத்தம். இன்னொரு தடவை. சுத்தம். உன் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு ஆபீசர் சொன்னார், இது நிஜமாக இருந்தால் கட்டுரையில் என் பெயருக்குப் பக்கத்திலேயே உன் பெயரும் அச்சாகும் என்று. நீ நோட்டை வாங்கிக்கொண்டாய். பிறகு ரொம்ப மெதுவாக ஒரு கேள்வி கேட்டாய்.

"எங்க நைனா பேரோட வருமா ஐயா?"

முதல் எழுத்தாக வரும் என்றார் அவர். உன் முகத்தைப் பார்த்தேன். எனக்கு யாராவது ஊரையே எழுதிக் கொடுத்திருந்தாலும் அந்த முகம் எனக்கு வந்திருக்காது. என் அப்பா பெயர் பத்திரங்களில் இருக்கிறது, கோயில் கல்லில் இருக்கிறது. உன் அப்பா பெயர் சீமைக்குப் போகிற காகிதத்தில் அச்சாகப் போகிறதாம்! என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு தடவை வேறு கையால் செய்து பார்த்துவிடலாம் என்று ஆபீசர்தான் சொன்னார். வேறு கை என்றால் நான். குழாய்களில் நம்பர் மட்டும் ஒட்டிக் கொடுத்தார், எதில் என்ன என்று எனக்குத் தெரியக்கூடாது என்பதற்காக. அன்று காலை எனக்குப் படபடப்பு. பின்கட்டில் நின்று வழக்கத்தைவிட ஒரு சிட்டிகை அதிகமாகவே பொடி இழுத்தேன். சொம்புத் தண்ணீரில் விரலை நனைத்தேன். உள்ளே போய் இருபது இலை தேய்த்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. இதை மட்டும் நீ நம்ப வேண்டும். வேண்டுமென்று செய்தது நாலு நாள் கழித்துத்தான்.

நாலாம் நாள் காலை முதலில் போய்க் கதவைத் திறந்தவன் நான். ஆபீசர் நம்பர் விவரம் எழுதின சீட்டை மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். யூரியா இலைகளில் அங்கங்கே புள்ளி. ஒரு நிமிஷம் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? தோற்றான், தோற்றான் என்று மனசு குதித்தது. அடுத்த வரிசைக்குப் போனேன். தண்ணீர் இலை. ஆறு புள்ளி.

எண்ணிப் பார்த்தேன். மறுபடி எண்ணினேன். என் மூக்கில் அந்தக் காலை நேரத்துப் பொடியின் காரம் இன்னும் இருந்தது. எல்லாம் புரிந்துவிட்டது. யூரியாவுக்குள் அது பிழைத்திருக்கவில்லை, என் விரலில்தான் பிழைத்திருந்தது. உன் சோப்பைத் தொட்டால் தீட்டு என்று நான் காப்பாற்றி வைத்திருந்த விரலில்.

ஆபீசர் வர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. போய்ச் சொல்லியிருக்கலாம். கை சரியில்லை, மறுபடி செய்கிறேன் என்று ஒரு வார்த்தை. அவர் திட்டக்கூட மாட்டார். ஆனால் ஏன் சரியில்லை என்று கேட்பார், சொம்பு வெளியே வரும். அது ஒரு பயம். அந்தப் பயம் பாதிகூட இல்லை என்பதை இன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன். உன் முகம்தான் கண்முன் நின்றது, நைனா பேரோட வருமா என்று கேட்ட அந்த முகம். தண்ணீர் இலை என்று எழுதியிருந்த இடத்தில் பூஜ்யம் போட்டேன். இலைகளைப் பறித்துத் தோப்புக் குழியில் போட்டு எரித்தேன். எண்ணி முடித்த இலையை எரிப்பது வழக்கம்தானே, யார் கேட்கப் போகிறார்கள்? யூரியா இலைகளை மட்டும் ஆபீசர் பார்க்கட்டும் என்று செடியிலேயே விட்டுவைத்தேன்.

அவர் வந்தார், பார்த்தார், நோட்டைப் பார்த்தார், உன்னைக் கூப்பிட்டார். அவர் கத்தியிருந்தால் தேவலை. நான் உன்னை நம்பினேனே என்று மட்டும் சொன்னார். நீ இலைகளைக் குனிந்து பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாய்.

"தண்ணி எல எப்டி இருந்திச்சு?"

"சுத்தம்."

நீ என் கண்ணைப் பார்க்கவில்லை. என் வலது கையைப் பார்த்தாய். மூக்கின் கீழ் ஓரத்தைப் பார்த்தாய். பிறகு ஆபீசர் பக்கம் திரும்பி, அப்படியானால் தான் எழுதினதுதான் தப்பாக இருக்கும் என்று சொல்லிவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டாய். அன்றிலிருந்து உன்னை இலை தேய்க்க விடவில்லை. அடுப்புக்கு விறகு பிளக்கச் சொன்னார்கள். பத்து நாள் பிளந்தாய். அப்புறம் ஆவடியில் பட்டாளத்துக்குக் கொட்டகை போடுகிறார்கள், அங்கே வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பினாய்.

கேட்டுக்குப் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். என்னைத் தாண்டிப் போனவன் நின்றாய்.

"சோப்பு போட்டுக் கை கயுவு அண்ணாத்தே. அது உன்ன ஒண்ணும் பண்ணாது."

அவ்வளவுதான். போய்விட்டாய். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, உனக்கு எல்லாம் தெரியும் என்று. தெரிந்தும் ஏன் சொல்லவில்லை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆபீசர் உன் பக்கம்தான் நின்றிருப்பார். அவர் நிற்பார், சாயங்காலம் உன் அப்பா எங்கள் களத்தில் நிற்க வேண்டுமே. அதைத்தான் நினைத்திருப்பாய். என்னால் கனவிலும் செய்ய முடியாத ஒன்றை நீ விறகு பிளப்பது போல அலட்டிக்கொள்ளாமல் செய்துவிட்டுப் போனாய். அதற்கும் சேர்த்து எரிந்தது எனக்கு. கையிலும் கண்ணிலும் ஜெயித்தவன் இதிலாவது தோற்றுப்போகக் கூடாதா?

நீ போன செய்தி எங்கள் களத்துமேட்டில்தான் வந்தது. உன் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தூரத்தில் நின்று, ரெண்டு நாள் வேலைக்கு வரமாட்டேன் ஆண்டே என்றார். என் அப்பா ஏன் என்று கேட்டார். பையன் ஆவடியில் காய்ச்சலில் போய்விட்டான், எடுத்துவர வேண்டும் என்றார். என் அப்பா சரி போ என்றார். நான் நெல் மூட்டைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். நகரவில்லை.

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன். யுத்தம் முடிந்து கப்பல் ஓட ஆரம்பித்ததும், வராமல் தேங்கிக் கிடந்த சீமைப் பத்திரிகைகள் மூட்டையாக வந்து சேர்ந்தன. அதில் எதிலோ, யூரியாவில் போட்டால் புகையிலைத் தேமலின் வைரஸ் துண்டு துண்டாகப் போகிறது, மினுமினுப்பு போய்விடுகிறது, பிறகு அதற்கு உயிர் இல்லை என்று போட்டிருக்கிறதாம். ஆபீசர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு தோப்புப் பக்கம் திரும்பினார். அவன் சொன்னதுதானே இது என்றார். மறுபடி செய் என்றார், ஸ்பிரிட்டையும் யூரியாவையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து.

அன்றைக்குத்தான் முதல்தடவையாக அந்தத் தொட்டிக்குப் போனேன். சோப்பை எடுத்தேன். அது புதுச் சோப்பு, உன் கை படாதது. இருந்தாலும் கை கூசியது. நீ செத்து இத்தனை காலம் ஆகியும் கூசியது என்றால் என்னை என்னவென்று சொல்வது? தேய்த்தேன். வாசனை குப்பென்று ஏறியது. நாலாம் நாள் ஸ்பிரிட்டில் வைத்து மீட்ட திரவம் இலை நிறையப் புள்ளி போட்டிருந்தது. யூரியா இலை சுத்தம். தண்ணீர் இலை சுத்தம். ஆபீசர் இலையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார், அவன் கை மாதிரியே இருக்கிறதே என்று. இதைக் கேட்பதற்காக எத்தனை காலம் ஏங்கியிருப்பேன்! கேட்டபோது என் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஸ்பிரிட்டு விஷயம் புதிது, யாரும் இப்படிப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை, அனுப்பலாம் என்று அவர் கட்டுரை எழுத ஆரம்பித்தார். முகப்பில் அவர் பெயர். பக்கத்தில் என் பெயர். உன் பெயர் இல்லை. நீ சொன்னது சரியாகப் போனாலும், உன் நோட்டை நம்ப முடியாது என்று என் பூஜ்யம் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறதே. நாளைக் காலை தபாலுக்குப் போக வேண்டும். இன்று காலை எழுத உட்கார்ந்தது இதற்காகத்தான். நான் ஆசைப்பட்டது கையில் வந்துவிட்டது. நீ செத்து நாளாக ஆக என் பொறாமையும் செத்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சாவல, தூங்கிகினு கீது என்றாயே, அது இதற்கும் சரி. பத்திரிகை மூட்டை வந்ததும் எழுந்து உட்கார்ந்துகொண்டது.

இதுவரை எழுதிவிட்டுப் பேனாவை மூடிவைத்துவிட்டுப் போனேன். இப்போது வெயில் சாய்ந்துவிட்டது. மிச்சத்தைச் சொல்கிறேன்.

பழைய நோட்டை எடுத்துக்கொண்டு ஆபீசர் அறைக்குப் போனேன். அந்தப் பூஜ்யத்தை அடித்து ஆறு என்று எழுதி, கீழே என் கையெழுத்தைப் போட்டு அவர் மேசைமேல் வைத்தேன். பொடியைச் சொன்னேன். சொம்பைச் சொன்னேன். எரித்ததைச் சொன்னேன். ஊரில் இதைச் சொன்னால் பொடி போட்டதற்குத்தான் திட்டுவார்கள், சொம்பை ஒருவரும் தப்பு என்று சொல்லமாட்டார்கள். அவர் சொம்பைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். எத்தனை நாள் என்றார். எல்லா நாளும் என்றேன். கட்டுரையின் முதல் தாளை எடுத்து என் பெயரை அடித்தார். அந்த இடத்தில் உன் பெயரை எழுதினார். நாளை முதல் நான் கண்ணாடிச் சாமான் கழுவினால் போதும் என்றார், சோப்பு போட்டு. சரி என்றேன். அடித்த கோட்டைப் பார்க்கும்போது துக்கமாக இருந்தது. உனக்காக அல்ல, எனக்காகத்தான்.

பிறகு பேனாவை வைத்துக்கொண்டே கேட்டார். "அப்பா பெயர் என்ன? முதல் எழுத்து வேண்டும்."

எனக்குத் தெரியவில்லை.

எங்கள் நிலத்தில் நான் பிறப்பதற்கு முன்னாலிருந்து உழுகிறவர். எங்கள் வீட்டில் அவரை நெட்டையன் என்போம். டேய் என்போம். பெயர் ஒன்று இருக்க வேண்டுமே என்று எனக்குத் தோன்றினதே இல்லை. கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று கிளம்பினேன்.

உங்கள் தெருவுக்குள் நான் காலெடுத்து வைத்தது இன்றுதான். உன் அப்பா வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பதறிப்போய் எழுந்தார். அவர் பக்கத்தில் போய் நின்று, "உங்க பேரு இன்னாங்க?" என்றேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஆண்டே, நான் இன்னா தப்பு பண்ணேன்?"

பெயரைக் கேட்டால் போலீசுக்கோ கச்சேரிக்கோதான் கேட்பார்கள், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். உன்னைப் பற்றிச் சொன்னேன். நீ சொன்னது சரி, நான்தான் பொய் எழுதினேன், இப்போது உன் பெயர் அச்சாகிறது, அதற்கு முன்னால் அவருடைய எழுத்து வேண்டும் என்றேன். நான் பொய் எழுதினதைப் பற்றி அவர் ஒன்றுமே கேட்கவில்லை. பெயரைச் சொன்னார். யாரும் ரொம்ப நாளாகக் கூப்பிடாத பெயர் போல, முதல்தடவை குரல் சரியாக வரவில்லை, மறுபடி சொன்னார். காகிதத்தில் எழுதினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. எது அந்த எழுத்து என்று கேட்டார். காட்டினேன்.

அந்த ஒரு எழுத்தின்மேல் விரலை வைத்தார். மண்ணும் கயிற்று நாரும் ஒட்டியிருந்த விரல். மை கலையாமல், தாள் அசங்காமல், தொட்டதே தெரியாமல் வைத்தார். நீ ஊமத்தை இலையில் வைப்பாயே, அப்படியே. உன் கை எங்கிருந்து வந்தது என்று நான் இத்தனை வருஷம் குமைந்தேன் அல்லவா, எங்கள் நிலத்திலேயேதான் இருந்திருக்கிறது.

அவர் விரலை எடுக்கவே இல்லை. நானும் காகிதத்தை இழுக்கவில்லை. என் பெயர்மேல் என் அப்பா ஒரு நாளும் இப்படி விரல் வைத்துப் பார்த்ததில்லை. அங்கே நின்றபோதும் எனக்கு வயிறு எரிந்தது. சொல்லிவிட்டேன்.